கல் கொடுக்கும், மேகம் கெடுக்கும்

ஜூலை மாதம், பகல் ஒரு மணி. கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலைத்தொடரில் கதீட்ரல் பீக் என்ற சிகரத்தின் தென்கிழக்கு முகம் கண்ணைக் கூசவைக்கிறது. அடிவாரத்தில் ஒரு ஜோடி கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு மேலே இன்னொரு ஜோடி. அதற்கும் மேலே ஒருவர் பாதி உடம்பைப் பாறை வெடிப்புக்குள் நுழைத்தபடி நிற்க, அவர் எப்போது நகர்வார் என்று மூன்று பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோடையில், அதுவும் வார இறுதியில், இங்கே இதுதான் நிலவரம்.

சிகரத்தின் உயரம் 10,911 அடி. யோசெமிட்டி தேசியப் பூங்காவின் மேட்டுநிலமான டுவாலமி மெடோஸுக்குத் தெற்கே இருக்கிறது. இந்த முகத்தில் சுமார் 700 அடி ஏறும் வழிக்கு ‘சவுத்ஈஸ்ட் பட்ரஸ்’ என்று பெயர். கடினத்தைச் சொல்லும் எண், 5.6. செக் நாட்டு ஆடம் ஒண்ட்ரா 2017-ல் நார்வேயின் ஒரு குகையில் ஏறிய ‘சைலன்ஸ்’ என்ற வழியின் எண் 5.15டி. அதோடு ஒப்பிட்டால் 5.6 ஆரம்பப் பாடம்தான். இருந்தும் ஆரம்பப் பாடம் முடித்தவர்கள் முதல் அதை எப்போதோ தாண்டிப் போனவர்கள் வரை இங்கே திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

காரணம் கேட்டால் பெரும்பாலோர் முதலில் கையைக் காட்டுவது கல்லைத்தான்.

சாதாரணக் கிரானைட் பாறையில் ஏற வெடிப்பு வேண்டும். விரலோ முஷ்டியோ நுழைய ஓர் இடுக்கு வேண்டும். வெடிப்பில்லாத இடத்தில் வெறும் ரப்பர் உராய்வை நம்பிக் காலை வைக்க வேண்டும். கதீட்ரல் பீக்கில் பாறையின் மேலேயே பிடிகள் முளைத்துக்கொண்டு நிற்கின்றன. அருகில் போய்ப் பார்த்தால் அவை ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள். செவ்வகமாக, ஓரம் வெட்டினாற்போல், இளஞ்சிவப்புச் சாயல் ஓடிய வெள்ளையில் இருக்கின்றன. சில தீப்பெட்டி அளவு. சில அதைவிட நீளம், மூன்று நான்கு அங்குலம் வரை. விரல் நுனிகளை ஒன்றின் மேல் விளிம்பில் கொக்கி போட்டு, ஷூவின் நுனியை இன்னொன்றின் மேல் வைத்து எழுந்தால் அடுத்தது முகத்துக்கு நேரே வருகிறது.

இந்தப் பாறைக்குப் புவியியலாளர்கள் சிகரத்தின் பெயரையே வைத்து ‘கதீட்ரல் பீக் கிரானோடயோரைட்’ என்கிறார்கள். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய பாறைக்குழம்பு மிக மெதுவாக ஆறியபோது இந்தப் படிகங்கள் வளர்ந்தன. பிறகு மேலே இருந்த நிலமெல்லாம் அரித்துப் போய்க் கல் வெளியே வந்தது. மழையும் உறைபனியும் முதலில் தின்பது படிகத்தைச் சுற்றியுள்ள பொடி மணிகளை. கருப்பாக மின்னும் பயோடைட் அபிரகம் ஈரம் பட்டு மக்கும்போது உப்பி, பக்கத்து மணிகளை நெம்பித் தள்ளிவிடுகிறது. பெரிய ஃபெல்ட்ஸ்பார் மட்டும் அசராமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. என்றாலும் எல்லாப் படிகமும் நம்பகமானதல்ல. வேர் விட்டுப்போன ஒன்று முழு எடையும் விழும்போது கையோடு வந்துவிடலாம். விஷயம் தெரிந்தவர்கள் பிடிக்கும் முன் தட்டிப் பார்ப்பார்கள். பொக்கென்று சத்தம் வந்தால் தொடமாட்டார்கள்.

இதே கல் கீழே டுவாலமியின் மொட்டைப் பாறைக் குன்றுகளிலும் இருக்கிறது. அங்கே பல இடங்களில் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பு. வெயிலில் பளபளக்கும், கால் வழுக்கும். இந்த வித்தியாசத்துக்குப் பனியுகம்தான் காரணம். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், கடைசிப் பெரும்பனிக் காலத்தில், டுவாலமி மெடோஸின் மேல் இரண்டாயிரம் அடி கனத்துக்குப் பனி கிடந்தது. நகர்ந்துகொண்டே இருந்த அந்தப் பனி, அடியில் மாட்டிய கல்லையும் மண்ணையும் வைத்துக் குன்றுகளை இழைத்தது. கதீட்ரல் பீக்கின் கூர்ந்த உச்சி மட்டும் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கங்கள் செதுக்கப்பட்டன, தலையில் கை படவில்லை. அதனால்தான் கோபுரம் போன்ற கூர்மை, அதனால்தான் மேலே ஏற ஏறச் சொரசொரப்பு.

பனியாறு வந்து போனது என்று இன்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். ஒரு காலத்தில் அதற்கே சண்டை நடந்தது. சிகரத்துக்குப் பெயர் வைத்தது 1860-களில் இங்கே வந்த கலிஃபோர்னியா புவியியல் ஆய்வுக் குழு. அதன் தலைவர் ஜோசையா விட்னி, யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் தரை அப்படியே உள்வாங்கிக் கீழே போனதால்தான் இந்தப் பள்ளம் உண்டானது என்று அடித்துச் சொன்னார். ஆடு மேய்க்கிற கூட்டத்தோடு மலைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், பனியாறு அறுத்த வழி இது என்று எதிர்த்தார். படித்த கூட்டம் ஆரம்பத்தில் அவரைப் பொருட்படுத்தவில்லை. விட்னி அவரை வெறும் ஆட்டிடையன் என்று ஒதுக்கினார். அந்த ஆட்டிடையர்தான் ஜான் மியூர்.

1869-ல் மியூருக்கு வயது 31. சுமார் இரண்டாயிரம் ஆடுகள் கோடை மேய்ச்சலுக்காக மலையேறின. அவற்றைக் கண்காணிப்பது அவருக்குக் கிடைத்த வேலை. ஆட்டை மேய்த்தாரோ இல்லையோ, மலையைத் துருவித் துருவிப் பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி கயிறு இல்லாமல், துணை இல்லாமல் கதீட்ரல் பீக்கின் உச்சியைத் தொட்டார். பதிவில் இருக்கும் முதல் ஏற்றம் அதுதான். உச்சிப் பாறையின் கடைசிச் சில அடிகள் இன்றும் பழக்கமில்லாதவர்களைக் கயிறு கேட்க வைக்கின்றன. அன்று வழி சொல்ல ஆளில்லை, விழுந்தால் தேட ஆளில்லை. அந்தக் கோடையை வைத்து அவர் எழுதிய ‘மை ஃபர்ஸ்ட் சம்மர் இன் தி சியெரா’ 1911-ல்தான் புத்தகமாக வந்தது. மலையேறிகள் மத்தியில் மியூரின் பெயர் காட்டைக் காத்தவர் என்பதற்காக மட்டும் நிலைக்கவில்லை. அவர் ஏறியதை இன்று ஏறிப் பார்ப்பவர்களுக்கு அவருடைய துணிச்சல் உடம்பிலேயே புரியும்.

அடுத்த அறுபது ஆண்டுகள் சியெராவில் மலையேறியவர்கள் பெரும்பாலும் மியூரைப் போலவே ஏறினார்கள்: எளிய பக்கம் தேடி, கயிற்றைச் சரியாகக் கையாளத் தெரியாமல். 1931-இல் அது மாறியது. ஹார்வர்டில் தத்துவம் கற்பித்த ராபர்ட் அண்டர்ஹில், ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலையில் பழகிய கயிற்று நுட்பத்தை அந்தக் கோடையில் சியெரா கிளப் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜூல்ஸ் ஐக்கார்ன், க்ளென் டாசன் இருவருக்கும் அப்போது 19 வயது. ஐக்கார்ன் பியானோ வாசிப்பவர். அவருக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர், பின்னாளில் யோசெமிட்டிப் புகைப்படங்களால் உலகப்புகழ் பெற்ற ஆன்சல் ஆடம்ஸ். கதீட்ரல் பீக்கின் மேற்குப் பக்கம் ஒட்டி நிற்கும் ஊசிப் பாறையில் இந்த இரண்டு பையன்களும் அந்தக் கோடையிலேயே ஏறினார்கள். இன்று அதற்கு ‘ஐக்கார்ன் பினக்கிள்’ என்று பெயர். ஆகஸ்ட் 16 அன்று அண்டர்ஹில், 46 வயது நார்மன் க்ளைட் ஆகியோரோடு சேர்ந்து மவுன்ட் விட்னியின் கிழக்கு முகத்திலும் ஏறிவிட்டார்கள். டாசன் பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலீஸில் பழைய புத்தக வியாபாரியானார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

தென்கிழக்கு முகத்தின் நேர்வழி 1945 வரை காத்திருந்தது. அதை முதலில் ஏறியவர்கள் சக் வில்ட்ஸ், ஸ்பென்சர் ஆஸ்டின். வில்ட்ஸ் பின்னாளில் கால்டெக்கில் மின்பொறியியல் பேராசிரியர். 5.6 என்று இந்த வழியைச் சொல்கிறோமே, அந்த எண் முறை பிறந்ததிலும் அவர் பங்கு உண்டு. சியெரா கிளப் 1930-களில் வைத்திருந்த வகைப்பாட்டில் முதல் வகுப்பு நடை, ஐந்தாம் வகுப்பு கயிறும் பாதுகாப்புப் பிடிமானமும் கட்டாயமான பாறை. ஐந்தாம் வகுப்புக்குள்ளேயே கடினம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்ததால், தென் கலிஃபோர்னியாவின் டாக்கிட்ஸ் பாறையில் ஏறிய ராயல் ராபின்ஸ், டான் வில்சன், வில்ட்ஸ் ஆகியோர் 1950-களில் அதை 5.0 முதல் 5.9 வரை பத்தாகப் பிரித்தார்கள். இதற்கு மேல் மனிதனால் ஏற முடியாது என்ற நம்பிக்கையில் 5.9-ல் நிறுத்தினார்கள். அடுத்த தலைமுறை அதையும் தாண்டியது. வேறு வழியில்லாமல் 5.10 என்று ஒன்று வந்தது. கணக்கு வாத்தியார் யாரும் ஒப்புக்கொள்ளாதபடி அது 5.9-ஐவிடப் பெரியது.

சரி, 5.6 என்றால் உடம்புக்கு என்ன?

வழி ஐந்தாறு ‘பிட்ச்’களாகப் பிரிகிறது. ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறி, நின்று, கூட்டாளியை மேலே கொண்டுவரும் தூரம் ஒரு பிட்ச். முன்னால் போகிறவர் ஏற ஏற, வெடிப்புகளில் உலோகக் கருவிகளைச் செருகி, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே போகிறார். கடைசியாக மாட்டிய இடத்திலிருந்து பத்தடி மேலே போய் வழுக்கினால் இருபதடி விழுவார்; கயிறு நீள்வதால் இன்னும் கொஞ்சம் கூடும். அதனால் முன்னால் போவது வேறு, பின்னால் வருவது வேறு. பின்னால் வருகிறவருக்குக் கயிறு எப்போதும் தலைக்கு மேலே. ஒரே பாறை, ஒரே பிடி, ஆனால் இருவரின் முகத்தைப் பார்த்தாலே யார் எது என்று தெரிந்துவிடும்.

கீழ்ப்பகுதி அகலமானது. படிகங்கள் எங்கும் இறைந்திருப்பதால் இடதும் வலதுமாகப் பல வழிகளில் ஏறலாம். நான்கு ஜோடிகள் பக்கத்துப் பக்கத்தில் தொடங்கினாலும் இடிக்காது. நடுவில்தான் நெருக்கடி. மூன்றாவது பிட்சில் பலரும் போகும் பிரபலமான வழியில் ‘சிம்னி’ ஒன்று வருகிறது: ஆள் உடம்பு நுழையும் அகலத்தில் செங்குத்தான பிளவு. கிணற்றுக்குள் இறங்குகிறவர் முதுகை ஒரு பக்கச் சுவரில் சாய்த்து, எதிர்ப்பக்கம் காலை ஊன்றுவாரே, அதேபோல இங்கே மேல்நோக்கிப் போக வேண்டும். முதுகில் பை இருந்தால் அது பாறையில் சிக்கும். சிலர் பையைக் கழற்றி இடுப்புக்குக் கீழே கயிற்றில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய இடம், பழக்கமில்லாதவருக்கு அரை மணி எடுக்கும். பின்னால் நிற்பவர்களுக்கு அந்த அரை மணி இன்னும் நீளம்.

இந்த இடத்தில்தான் கதீட்ரல் பீக்கின் உண்மையான கடினம் வெளியே வருகிறது. கல் தாராளமாகக் கொடுக்கிறது. கொடுப்பதாலேயே எல்லோரும் வருகிறார்கள். எல்லோரும் வருவதால் நேரம் போகிறது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே, ஒதுங்க மரமோ கூரையோ இல்லாத முகட்டில், நேரம் போவது சின்ன விஷயமில்லை.

பாறைக்கு நல்லது நடந்த கதையும் ஒன்று உண்டு. வில்ட்ஸ் காலத்தில் பாதுகாப்புக்கு இரும்பு ஆணிகள்தான், ‘பிட்டான்’ என்பார்கள். சுத்தியலால் வெடிப்பில் அறைந்து, பின்னால் வருகிறவர் அறைந்து பிடுங்கி எடுப்பார். ஆணியைப் போடும்போது ஒரு காயம், எடுக்கும்போது ஒரு காயம். 1960-களுக்குள் யோசெமிட்டியின் பேர்போன வெடிப்புகள் வரிசையாகப் பொத்தல் விழுந்து உருக்குலைந்தன. 1967-ல் ராயல் ராபின்ஸும் மனைவி லிஸ்ஸும் ‘நட்கிராக்கர்’ என்ற வழியைச் சுத்தியலே எடுக்காமல், வெடிப்பின் குறுகலில் கையாலேயே செருகி எடுக்கும் உலோகக் கட்டைகளை வைத்து ஏறிக்காட்டினார்கள். நாட்டிலேயே அதிகமாக மலையேற்றக் கருவி விற்றுக்கொண்டிருந்த இவான் ஷுனார்டும் அவர் கூட்டாளி டாம் ஃப்ராஸ்டும் 1972-ல் தங்கள் விலைப்பட்டியல் புத்தகத்திலேயே ஆணியை விடுங்கள் என்று எழுதினார்கள். தங்களுக்குச் சோறு போட்ட சரக்கையே வேண்டாம் என்று சொன்ன வியாபாரிகள் அபூர்வம். மலையேற்ற வரலாற்றில் இது எந்தச் சிகர வெற்றிக்கும் குறைந்ததில்லை. 1970-களின் இறுதியில் ரே ஜார்டீன் உருவாக்கிய ‘ஃப்ரெண்ட்ஸ்’ கடைக்கு வந்தது. விசையை இழுத்தால் சுருங்கி, விட்டால் விரிந்து வெடிப்பைக் கவ்விக்கொள்ளும் கேம் கருவி அது. இன்று சவுத்ஈஸ்ட் பட்ரஸில் ஏறுபவர்களின் இடுப்பில் கலகலவென்று தொங்குவதெல்லாம் இந்த வம்சம்தான்.

நான்காவது பிட்சுக்கு மேல் பாறை ஒடுங்குகிறது, காற்று கூடுகிறது. முகம் தென்கிழக்கைப் பார்ப்பதால் காலையில் நேராக அடித்த வெயில், பிற்பகல் ஏற ஏறப் பாறையை உரசினாற்போல் சாய்ந்து விழுகிறது. அப்போது ஒவ்வொரு படிகத்துக்கும் பக்கத்தில் ஒரு குட்டி நிழல். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரிந்த சுவரில் எங்கே எது துருத்தியிருக்கிறது என்று தெளிவாகிவிடும். இந்த ஒளிக்காகவும், காலைக் கூட்டம் கலைந்துபோகும் என்பதாலும், வேண்டுமென்றே பிற்பகலில் ஏறத் தொடங்குகிற பழகிய ஆட்கள் உண்டு. ஜூலையில் இரவு எட்டு மணி தாண்டித்தான் சூரியன் மறைகிறது.

அவர்கள் ஏறும் முன் பார்ப்பது கைக்கடிகாரத்தையல்ல, வானத்தை. சியெராவின் கோடை பெரும்பாலும் வறண்டது. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறிவரும் நாட்களில் கதை வேறு. காலையில் துடைத்து வைத்த நீலம். பாறைச் சரிவுகள் சூடாகி, காற்று மேலே எழும்பி, பதினொரு மணிக்குப் பஞ்சுப் பொதிகள் தோன்றும். அவை அகலத்தைவிட உயரத்தில் வளர்ந்தால் இரண்டு மூன்று மணிக்குள் இடி விழ வாய்ப்பு உண்டு. அந்த வட்டாரத்தில் மின்னலுக்கு உயரமான கூர்முனை வேண்டுமென்றால் கதீட்ரல் பீக் தயாராக நிற்கிறது. இதன் உச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஹாஃப் டோம் பாறையின் மேல், 1985 ஜூலை 27 அன்று புயலில் சிக்கிய ஒரு குழுவின் மேல் மின்னல் இறங்கி, இருவர் இறந்தார்கள். மேகம் எழும்புவது தெரிந்தும் ஏறிவிட்டவர்கள் என்ற பேச்சு அதற்குப் பிறகு நெடுநாள் ஓடியது.

பட்ரஸின் பாதியில் இடி கேட்டால் இரண்டே வழி. கருவிகளைப் பாறையிலேயே விட்டுவிட்டுக் கயிற்றில் இறங்கலாம். கீழே வரிசையில் நிற்பவர்களின் தலைக்கு மேலே இறங்க வேண்டியிருக்கும். அல்லது உச்சிக்கு ஓடி, மறுபக்கம் இறங்கலாம். அதாவது மின்னல் தேடுகிற இடத்தைக் கடந்துதான் தப்பிக்க வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால், மேகம் பார்த்த அன்று ஏறாமல் புல்வெளியில் படுத்திருப்பதே புத்திசாலித்தனம். 5.6 என்ற எண்ணில் இது எதுவும் அடங்காது. அது கல்லை மட்டும்தான் அளக்கிறது.

உச்சி என்பது ஒரு சாப்பாட்டு மேசை அளவுப் பாறை. இரண்டு மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரலாம். மற்றவர்கள் கீழ்த் திட்டில் நின்று தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். கீழே பட் ஏரி நீலப் பொட்டாக. தெற்கே கத்திமுனை போல நீளும் மாத்திஸ் க்ரெஸ்ட்; யோசெமிட்டியின் பனியாற்று வரலாற்றை முழுமையாக ஆராய்ந்த புவியியலாளர் ஃபிரான்ஸ்வா மாத்திஸின் பெயர் அது. தென்கிழக்கே தூரத்தில் பூங்காவின் மிக உயர்ந்த சிகரம், 13,114 அடி மவுன்ட் லைல்.

அந்தத் திசையில்தான் மியூரின் வாதத்துக்குச் சாட்சி இருந்தது. 1872-ல் அவர் லைலுக்குப் பக்கத்து மெக்லூர் பனியாற்றில் வரிசையாகக் கழிகளை நட்டுவைத்து, சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தார். நடு வரிசைக் கழிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் நகர்ந்திருந்தன. கிடப்பது வெறும் பனி, நகரும் பனியாறு அல்ல என்று சொன்னவர்களுக்கு அது பதில். நூற்றுநாற்பது ஆண்டு கழித்துத் தேசியப் பூங்கா விஞ்ஞானிகள் அதே இடத்தில் மறுபடி கழி நட்டார்கள். மெக்லூர் இளைத்துப் போயிருந்தாலும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் நகர்ந்தது. பெரிதான லைல் பனியாறு நகரவே இல்லை. இனி அதைப் பனியாறு என்று சொல்ல முடியாது என்று 2013-ல் அறிவித்தார்கள்.

இறங்குவது மறுபக்கம். முதலில் உச்சிப் பாறையிலிருந்து சில அடி, முகத்தைப் பாறைக்குத் திருப்பிக் காலால் துழாவிக்கொண்டு. பிறகு வடக்குத் தோளை ஒட்டிய திட்டுகளில் குறுக்காக. விரல் தோல் தேய்ந்து, தண்ணீர் தீர்ந்து, மூன்று பிட்ச் முன்னாலேயே வெற்றி கொண்டாடிவிட்ட ஆட்கள் கவனம் தவறுவது இங்கேதான். பலர் கயிற்றை அவிழ்த்துவிட்டு இறங்குகிறார்கள், சிலர் கூச்சப்படாமல் கட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். கூச்சப்படாதவர்கள் பக்கம்தான் நியாயம். பையை அடிவாரத்திலேயே வைத்துவிட்டு ஏறியவர்கள் சரளைச் சரிவு வழியாகச் சுற்றி மறுபடி கிழக்குப் பக்கம் வந்தாக வேண்டும். சிம்னிக்குள் பையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்தச் சுற்று மிச்சம்: மேற்கே இறங்கி, ஜான் மியூர் பாதையைப் பிடித்தால், வண்டி நிற்கும் டியோகா சாலைக்கே போய்விடலாம்.